பொருளாதாரம் படிக்க ஆசையா? கணக்கை விடாதீர்கள்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், "கணக்கு வராத பொண்ணா? வரலாறு குரூப்புல போடு, அப்புறம் பி.ஏ., எகனாமிக்ஸ் படிக்கட்டும்" என்று எங்கள் திண்டிவனம் பக்கம் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். டிகிரி வாங்க அது போதும். பொருளாதார நிபுணராக வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு அது போதவே போதாது.

என் நாத்தனார் மகள் அப்படித்தான் விழுப்புரத்தில் பி.ஏ., பொருளாதாரம் முடித்தாள். நல்ல மார்க். 1993ல் தொடங்கிய சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்சில் எம்.ஏ., சேர ஆசை. நுழைவுத் தேர்வுக்குத் தயாராக உட்கார்ந்தவள், "அத்தை, எங்க பார்த்தாலும் கணக்கும் புள்ளியியலுமா இருக்கு. எனக்கு யாருமே சொல்லலையே" என்று அழுதுவிட்டாள். இப்போது பிளஸ் 1 வணிகக் கணிதப் புத்தகத்தை வாங்கி வைத்து, முதலிலிருந்து வகையீடு கற்றுக் கொண்டிருக்கிறாள்.

சயின்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை சகோதரிகளே. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் இவற்றோடு வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள குரூப் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. என் பெண்ணுக்கு அதைக் கேட்டபோது, "டீச்சர் இல்லீங்க, கம்ப்யூட்டர் எடுத்துக்கட்டும்" என்றார்கள் ஒரு பள்ளியில். நான் விடவில்லை, பஸ்சில் போய் வரும் தூரத்தில் வேறு பள்ளியில் சேர்த்தோம். 'பொட்டப் புள்ளைய இவ்வளவு தூரம் அனுப்பணுமா' என்று மாமியாருக்கு இன்னும் முணுமுணுப்புதான்.

பி.ஏ.,வோடு நிறுத்தினாலும் பயனில்லை. யு.பி.எஸ்.சி., நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். வயது 21 முதல் 30க்குள். பி.எஸ்சி., கணிதம், புள்ளியியல் படித்தவர்கள்கூட எம்.ஏ., பொருளாதாரத்துக்கு மாறலாம்.

"இதெல்லாம் டில்லிக்காரங்க படிப்பு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. 1916ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பி ஆராய்ந்த கிராமங்களில், இன்று நம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டும் ஒன்று! நிலம், கூலி, கடன் என்று எல்லாம் விசாரித்தார்கள். 1981லும் 2008லும்கூட ஆய்வாளர்கள் அதே ஊருக்கு வந்து, என்ன மாறியது என்று பார்த்தார்கள். அடுத்த முறை நோட்டும் பேனாவுமாக அங்கே போவது நம் ஊர்ப் பெண்ணாக இருக்கக் கூடாதா?

- ஒரு வாசகி, திண்டிவனம்.