முதலாளி யார்?



உதவித்தொகைப் படிவம் ஒன்றை நிரப்ப, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை பள்ளிக்கு வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்ப்பது அவர் தொழில். "ஐயா, 'முதலாளியின் பெயர்' என்று கேட்டிருக்கிறார்கள். நான் யார் பெயரை எழுதுவது?" என்றார். கூலியை நிர்ணயிப்பதும் மதிப்பெண் குறைந்தால் கணக்கை முடக்குவதும் செயலிதான். ஆயினும் ஒப்பந்தத்தில் அவர் 'பங்காளி'. சொந்தத் தாயாதி கூட இவ்வளவு எளிதில் பங்காளி என்று ஒப்புக்கொள்ள மாட்டான்!

எனக்கு என் தாயார் நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் வெளிக்காட்டு வேலை செய்தவர். அதே பெரட்டு, அதே வெயில்; ஆனால் தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் இல்லை. விடுப்புக் கேட்டால் கிராணி குத்தகைக்காரரைக் காட்டுவார்; குத்தகைக்காரர் கிராணியைக் காட்டுவார்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 1.1.2023 முதல் நடப்புக்கு வந்தன. அவற்றுள் 101சி பிரிவு குறிப்பிடத்தக்கது. எழுத்துப்பூர்வப் பணி ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றொருவர் கட்டுப்படுத்தினாலோ, கருவிகளை அவரே கொடுத்தாலோ, வருமானத்தின் பெரும்பகுதி தவணை தவறாமல் அவரிடமிருந்தே வந்தாலோ, மறுத்து நிரூபிக்கப்படும் வரை அவ்வேலையைச் செய்பவர் ஊழியர் என்றே சட்டம் அனுமானிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தந்தையிடம்தான் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதே! 'பங்காளி' என்ற ஒரு சொல் இந்த அனுமானத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடக்கூடும். தாளில் உள்ள பெயரைவிட வேலையின் தன்மையே முதலில் பார்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

கிக் தொழிலாளர் சட்ட முன்வரைவு 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. சமூகப் பாதுகாப்புச் சந்தா, முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. வரவேற்கிறேன். எனினும் ஊழியருமல்லாத, வணிகருமல்லாத மூன்றாம் வகுப்பு ஒன்று பிறந்துவிட்டது. நாளை பிற முதலாளிகளும் தம் ஆள்களை அதற்குள் தள்ள முனைவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சில, மாலை வகுப்புக்கு இளம்பெண்களை அமர்த்துகின்றன. நேரம் நாம் குறித்தது; பாடநூலும் வெண்பலகையும் நாம் கொடுத்தவை; மாதந்தோறும் பணம் நம் கையிலிருந்தே போகிறது. பணிநியமனக் கடிதம் கிடையாது, சொக்சோ கிடையாது. கேட்டால், "அது சேவை, ஐயா" என்கிறோம். மேற்சொன்ன அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், அப்பெண் ஊழியர் அல்லர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தந்தையின் படிவத்தில், முதலாளி என்ற இடத்தில் செயலி நிறுவனத்தின் பெயரையே எழுதச் சொன்னேன். அவர் தயங்கினார், பிறகு பென்சிலால் எழுதினார். அடுத்த சங்கக் கூட்டத்தில் மாலை வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் கொடுக்கும் பேச்சை எடுக்க இருக்கிறேன். பொருளாளர் முகம் சுளிப்பார் என்பது தெரியும்.