கல்லாப்பெட்டி மேல் ஒரு கதைப்புத்தகம்

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் பையிலிருந்து ஒரு புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பேரனுக்கா?" என்றார். "இல்லப்பா, எனக்குத்தான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கடையைப் பையன்கிட்ட ஒப்படைச்சாச்சு, அண்ணாச்சிக்கு இனிமே கதை படிக்கத்தானே வேலை" என்றார் ஒருவர். கதை படிப்பது வேலையற்றவன் காரியம் என்ற எண்ணம் நம் வியாபாரிகளிடம் ஊறிப்போயிருக்கிறது. நாற்பத்தைந்து வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு என்று இப்போது சொல்கிறேன்.

சின்ன வயதில் எனக்குப் படிப்பு ருசி வந்ததே எங்கள் மளிகைக் கடையில்தான். அப்பா எடைக்குப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவார். பொட்டலத்துக்குத் தாள் கிழிக்கும் வேலை எனக்கு. தொடர்கதையில் ஏழாம் அத்தியாயம் கையில் இருக்கும், எட்டாம் அத்தியாயம் கடுகோடு யார் வீட்டுக்கோ போயிருக்கும். மீதியை நானே மனதில் கட்டி முடித்துக்கொள்வேன். (அச்சு மை தின்பண்டத்தில் படக்கூடாது என்று இன்று சொல்கிறார்கள், சரிதான்.) 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது, பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து படித்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தேன். அதோடு சரி. பிறகு படித்ததெல்லாம் பில், லாரி ரசீது, மார்க்கெட் நிலவரம், 2007-ல் வாட், 2017-ல் ஜி.எஸ்.டி. எல்லாம் நஷ்டம் வரக்கூடாதே என்ற பயத்தில் படித்தது.

2022-ல் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வத்தல் நெடியும் தூசியும் ஆகாது, ஒரு மாதம் கடைப்பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்வை தெளிந்ததும் பொழுது போகாமல், மருமகள் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த கி. ராஜநாராயணன் கதைகளைக் கையில் எடுத்தேன். முதல் இரண்டு நாள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். இத்தனை வருஷம் பில்லைப் பார்த்த கண் அல்லவா, பக்கத்தின் அடியில் போய்க் கூட்டுத்தொகையைத் தேடுகிறது! நாலு வரி படிப்பதற்குள் கை செல்போனுக்குப் போகிறது. ஒரு கதையை ஆரம்பித்துவிட்டு, "கடைசியில் என்னதான் ஆச்சு" என்று முடிவைப் புரட்டிப் பார்த்தேன், ஏதோ பேரம் படிந்ததா என்று கேட்கிற மாதிரி. மூன்றாம் நாள் கட்டு உடைந்தது. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்ததில் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. மாயாவி காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு மதியம் எனக்கு வாய்த்ததில்லை.

நம்மிடம் சரக்கு கொண்டுவரும் கரிசல் காட்டு விவசாயிதான் அவர் கதைகளில் வருகிறவர். நாம் பேசுகிற பேச்சுதான் அதில் இருக்கிறது. நாற்பது வருஷமாக நான் மூட்டையைப் பார்த்தேன், ஈரம் பார்த்தேன், எடை பார்த்தேன். கொண்டுவந்தவனின் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

அதில் 'கதவு' என்று ஒரு கதை. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் ஏறி நின்று ஆடி விளையாடிய கதவு அது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1991-ல், ரூ. 2,300 பாக்கி நின்றதற்காக ஒரு கிராமத்துச் சில்லறைக் கடையிலிருந்து தராசையும் படிக்கல்லையும் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். தராசு இல்லாமல் அவர் எப்படிக் கடை நடத்துவார் என்று அன்று தோன்றவில்லை. பாக்கி என் கணக்கில் நேராகிவிட்டது. படித்த பிறகு விசாரித்தேன். குடும்பம் எப்போதோ திருப்பூர் பக்கம் போய்விட்டதாம். தராசு இன்னும் எங்கள் கிட்டங்கியில்தான் கிடக்கிறது. எடைக்குப் போட்டுவிடாதே என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு வேதனை தருவதைச் சந்தோஷம் என்று எப்படிச் சொல்வீர் என்று கேட்கலாம். எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஆனால் அடுத்த நாளே மறுபடி அந்தப் புத்தகத்தைத்தான் தேடினேன்.

நேரம் இல்லை என்பார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை நம் கடைகளில் எத்தனை வாடிக்கையாளர் வருகிறார்கள்? அந்த நேரத்தில் செல்போனில் என்ன பார்த்தோம் என்று சாயங்காலம் கேட்டால் யாருக்காவது நினைவிருக்குமா? செலவு என்றும் சொல்ல முடியாது. 1948-ல் இங்கே வந்த பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. கடைக்கும் கிட்டங்கிக்கும் வரி கட்டுகிற நாம் வருஷம் தவறாமல் இதையும் கட்டிவிட்டு, எடுக்க வேண்டிய சரக்கை எடுக்காமல் விடுகிறோம். வேறு எந்தக் கொள்முதலில் இப்படி விடுவோம்?

இன்னொன்று. வேலை பார்க்கும் பையன் ஓய்ந்த நேரத்தில் புத்தகம் வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியிருக்கிறேன்.

இப்போது 'கோபல்ல கிராமம்' பாதியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் நூலகம் விடுமுறை, வியாழனுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடையில் மூட்டை தைக்கும் தம்பி, எனக்கு அடுத்து தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். எதுவரைக்கும் வந்திருக்கிறேன் என்று தினம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.