காற்றில் பரவும் களைநாசினி

அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு ஏறத்தாழ 36 இலட்சம் ஏக்கர் சோயாப் பயிர், பிறர் நிலங்களில் விசிறப்பட்ட டிக்கம்பா களைநாசினியால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அம்மருந்தைத் தாங்கும் விதையை விதைத்தோரின் வயல்கள் தப்பின. ஏனையோரின் பயிர்கள் இலை சுருண்டன. அயலவரின் மருந்துக்கு அஞ்சியே அவ்விதையை வாங்கியோரும் உண்டு. வயலோர மரங்களுக்கோ அந்த வழியும் இல்லை.

விசிறும்போது வீசும் காற்று மட்டுமே இதற்குக் காரணமன்று. இலையிலும் மண்ணிலும் படிந்த பின்னரும் டிக்கம்பா வெப்பத்தில் ஆவியாகி நகரக்கூடியது. எனவே, காற்றைப் பார்த்து மருந்தடிக்குமாறு விவசாயிக்குக் கூறிவிட்டு உற்பத்தியாளர் ஒதுங்கிவிட முடியாது. மிசூரி மாநிலப் பீச் தோட்ட வழக்கில் 2020 பெப்ரவரியில் மொன்சாண்டோ, பிஏஎஸ்எவ் நிறுவனங்கள் 265 மில்லியன் டொலர் செலுத்த வேண்டுமென ஜூரிமார் தீர்ப்பளித்தனர். அதில் பெரும்பகுதியான தண்டத்தொகையை நீதிபதி பின்னர் வெகுவாகக் குறைத்தார் என்பது வேறு விடயம்.

2020 ஜூனிலும் 2024 பெப்ரவரியிலும் நீதிமன்றங்கள் இம்மருந்துக்கான அனுமதியை இரத்துச் செய்தன. இரு தடவைகளும், கையிருப்பைப் பயன்படுத்தி முடிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அவகாசம் வழங்கியது. அதனால், அனுமதி இரத்தான பின்னரும் அப்பருவங்களில் மருந்தடிப்பு தொடர்ந்தது.