மனத்துக்கு எங்கே சாப்பாடு?

பல் துலக்குவதற்கு முன்பே பத்து உபதேசங்களைப் பெற்றுவிடும் பாக்கியம் இன்று நமக்கு வாய்த்திருக்கிறது. கைபேசியைத் திறந்தால் போதும். சூரியோதயப் படத்தின்மேல் ஒரு வேதாந்தம், தாமரைப் பூவின்கீழ் ஒரு பொன்மொழி, அடுத்தாற்போல் ஒரு பரிகாரம். விவேகானந்தர் பெயரையோ புத்தர் பெயரையோ அடியில் போட்டுவிடுகிறார்கள். எந்த நூலில் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்பாரில்லை. "பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும்" என்ற மிரட்டலும் சில சமயம் வால்போல் ஒட்டிக்கொண்டு வருகிறது. முன்பு தபால் கார்டில் வந்த சமாசாரம்தான் இது. அப்போது பிரதி எடுப்பவருக்குக் கையாவது வலித்தது!

அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, பழையதா புதியதா என்று விசாரித்து வாங்குகிறவர்கள் நாம். முன்பின் தெரியாதவர் நீட்டும் பலகாரத்தைக் குழந்தை தின்ன விடமாட்டோம். மனத்துக்குள் போகும் உணவுக்கு மட்டும் இந்த விசாரணை வேண்டாமா?

இது வெறும் ரசனை பற்றிய பேச்சன்று. வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்திருக்கும் வேளையில், "இந்த யந்திரத்தை வாங்கினால் குணமாகும்" என்று வரும் செய்தியை நம்பிப் பணம் அனுப்பிவிடும் தாய்மார்கள் உண்டு. மருந்துக்குப் போக வேண்டிய பணம் அது. 1867-இல் வடலூரில் தருமசாலை கண்ட வள்ளலார், பசித்து வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கொடுக்கிற இடம் எது, பறிக்கிற இடம் எது என்று பிரித்தறிவது அப்படியொன்றும் கடினமல்ல.

நம் வீட்டுக் களஞ்சியத்திலோ பஞ்சமே இல்லை. மார்கழிக்கு நாளுக்கு ஒன்றாக முப்பது பாசுரங்களை ஆண்டாள் அளந்தே வைத்திருக்கிறாள். திருக்குறளில் 133 அதிகாரங்கள். தினம் ஓர் அதிகாரம் என்றால் ஐந்து மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு குறள் போதும் என்பவருக்கு 1330 நாட்கள். மூன்றரை வருஷத்துக்குச் சற்று அதிகம்.

ஒரே நூலை வரிசையாகப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதுதான் அதன் விசேஷமும். இன்று வெகுளாமையைப் படித்துத் தலையாட்டியவர், நாளை இன்னா செய்யாமைக்கு முன்னால் உட்கார வேண்டும். மறுநாள் கொல்லாமை வந்து நிற்கும். முந்தின இரவு பிரியாணி சாப்பிட்டவருக்கும் அதே அதிகாரம்தான்; கசக்கிறது என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. கைபேசியில் வந்து குவிவதோ, நாம் எதை விரும்பிப் பார்க்கிறோம் என்று கணக்கெடுத்து, அதையே மறுபடியும் மறுபடியும் பரிமாறுவது. கோபக்காரனுக்குக் கோபத்தை நியாயப்படுத்தும் உபதேசமே வந்து சேரும்.

கைபேசியைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை நாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் கணினியில் ஏற்றிவைத்த பழந்தமிழ் நூல்கள், அதே கைபேசியில் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் வழியுண்டு. தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.