பசிக்கு எதற்கு இங்கிலீஷ்?

மாற்றலாகி நொய்டா வந்தபோது, மகளுக்குப் பள்ளியில் சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்றை நீட்டி ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். தமிழ் கிடையாது. பிரெஞ்சில் மார்க் அள்ளலாம் என்று பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னதை நம்பி டிக் அடித்துவிட்டோம். (கடன் மனுவில்கூட நான் இதைவிட யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.)

போன மாதப் பரீட்சையில் 'ஐ ஆம் ஹங்ரி' என்பதற்குப் பிரெஞ்சு கேட்டிருந்தார்கள். 'ஐ ஆம்' என்றால் 'ழ சுயி', 'பசி' என்றால் 'ஃபேன்'. இரண்டையும் ஒட்டி 'ழ சுயி ஃபேன்' என்று எழுதிவிட்டாள். சிவப்பு மையில் பெரிய வட்டம். சரியான விடை 'ழே ஃபேன்'. இதில் இருப்பது 'அவ்வார்' என்ற வினைச்சொல்.

அவளுடைய கைடைப் புரட்டினேன். 'அவ்வார்: டு ஹேவ்' என்று ஒரே வரி. அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்கு விதிவிலக்கு. பசி, தாகம், தூக்கம், பயம், குளிர், வயது வந்தால் 'ஹேவ்' இல்லை, 'ஆம்' என்று கொள்க. தேவை வந்தால் 'நீட்' என்று கொள்க. பிள்ளை அதை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கேட்டால் இதெல்லாம் விதிவிலக்கே இல்லை. இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போவதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

"தமிழ்ல எப்படிம்மா சொல்லுவே? 'நான் பசி'ன்னா?"

சிரித்தாள். "எனக்குப் பசிக்குதுப்பா."

அந்த 'எனக்கு'தான் விஷயம். தமிழில் 'ஹேவ்' என்று தனியாக ஒரு வினைச்சொல்லே கிடையாது. எனக்குப் பசி, எனக்குப் பயம், எனக்குத் தலைவலி, எனக்குப் பதிமூன்று வயது. பிரெஞ்சுக்காரரும் இத்தனை இடத்திலும் 'அவ்வார்'தான் போடுகிறார். 'ழே த்ரேஸ் ஆன்' என்றால் எனக்குப் பதிமூன்று வயது. 'கெஸ் க த்யூ ஆ?' என்றால் உனக்கு என்ன? இங்கிலீஷ்காரர் மட்டும்தான் பசியும் நானே, வயதும் நானே என்கிறார். அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோய் 'ழ சுயி ஃப்ருவா' என்றால், எனக்குக் குளிருகிறது என்று ஆகாது. நான் ஈரமில்லாத ஆள் என்று ஆகிவிடும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ழே ரேசோன்'. இங்கிலீஷில் 'ஐ ஆம் ரைட்'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'நியாயம் என் பக்கம் இருக்கு'. பிரெஞ்சிலும் நியாயம் என்பது கையில் இருக்கும் பொருள், ஆள் அல்ல.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனசு சோர்ந்திருந்தால் அவர்களுக்குக் 'கரப்பான்பூச்சி இருக்கிறது'. அதை மனப்பாடம்தான் பண்ண வேண்டும். செடி வைத்தால் தழைக்கிறவருக்குப் 'பச்சைக் கை இருக்கிறது'. நாம் கைராசி என்போம், ஏறக்குறைய வரும். இன்னொன்று, இந்தியும் இதே ஜாதிதான்: 'முஜே பூக் லகீ ஹை'. ஆகவே இது தமிழுக்கு மட்டும் உள்ள பெருமை என்று மார்தட்ட நான் தயாரில்லை.

பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷமும் உண்டு. பழைய பிரெஞ்சுப் பேரேடுகளில் இடப்பக்கத் தலைப்பு 'துவா', வலப்பக்கம் 'அவ்வார்'. ஒன்று அவன் தர வேண்டியது, மற்றது அவனுக்கு வர வேண்டியது. நம் பற்று வரவுதான்! கடையில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தரும் கிரெடிட் நோட்டுக்கு அங்கே இன்றும் 'அவ்வார்' என்றுதான் பெயர். இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் பிள்ளை சொல்லை மறக்கவே மாட்டாள். கைடில் இல்லை.

உறுத்துவது வேறு. மகள் சின்ன வயதில் என் அம்மா எங்களோடு இருந்தார். அதனால் அவளுக்கு 'எனக்கு' தானாக வருகிறது. மகன் பிறந்தபோது அம்மா இல்லை. அவனுடைய இங்கிலீஷ் கெட்டுவிடக் கூடாது என்று நானும் மனைவியும் வீட்டிலேயே இங்கிலீஷில் பேசினோம். பள்ளியில் அப்படிச் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. இன்னும் இரண்டு வருடத்தில் அதே கைடு அவன் கைக்கும் வரும். 'தமிழ்ல எப்படிடா சொல்லுவே?' என்று அவனைக் கேட்டால் என்ன சொல்வான்?

நேற்று ராத்திரி "அப்பா, ஐ ஆம் ஹங்ரி" என்று வந்து நின்றான். தமிழில் சொன்னால்தான் தோசை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பசி" என்றான்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் இரண்டு தோசை போட்டுக் கொடுத்தாள்.