போனுக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி?

பத்து வயசுக்கு மேல் பையன் இருக்கும் வீட்டில் பி.ஜி.எம்.ஐ. என்றால் விளக்கம் தேவையில்லை. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்த பிறகு, கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே இறக்கிய துப்பாக்கி ஆட்டம் அது.

அதே வருஷம் டிசம்பர் 24 முதல் ஒரு விதி போட்டார்கள். கள்ள ஆட்டம் ஆடினால் கணக்குக்கு மட்டுமல்ல, ஆடிய போனுக்கே நிரந்தரத் தடை. அப்புறம் அந்த போனில் யார் எந்தக் கணக்கோடு வந்தாலும் கதவு திறக்காது.

காரணம் நியாயம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பவனைக் காட்டுவது, குறி தானாகப் போய் ஒட்டிக்கொள்வது என்று புரோகிராம் போட்டு ஆடுகிறவனின் கணக்கை மூடினால், ஐந்து நிமிஷத்தில் புதுக் கணக்கோடு வந்து நிற்பான். ஒழுங்காக ஆடும் பசங்களுக்கு வெறுத்துப் போகும்.

ஆனால் அடி யார் முதுகில் விழுகிறது? நம் வீடுகளில் ஒரு போன் ஒரே ஆளோடு நிற்பதில்லை. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து ஓ.எல்.எக்ஸுக்கு. இங்கே புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எத்தனையோ பசங்க கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் போன்தான். கள்ள ஆட்டக்காரன் போனை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்வான். காசு கொடுத்து அதை வாங்கினவன் திருதிருவென்று முழிக்க வேண்டும்.

பேங்க்காரன் புத்தி வேறு எங்கே போகும்? :-) கடன் கட்டாதவனின் கறை அவன் பான் நம்பரோடு போகிறது; அவன் விற்ற நாற்காலியோடு போவதில்லை. பொருள் மேலேயே கறை விழுந்தால், அதைப் பார்க்க வழி இருக்கிறது. வண்டிக் கடன் ஆர்.சி.யில் தெரியும். நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் உண்டு. திருட்டு போனா என்று பார்க்க, ஐ.எம்.இ.ஐ. நம்பரைப் போட்டால் அரசின் சஞ்சார் சாத்தி சொல்லிவிடும். ஆட்டத் தடையை மட்டும் அது சொல்லாது.

2018-ல் ஷாங்காயில் நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவர் கள்ள புரோகிராமோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். ஐந்து வருஷத் தடை விழுந்தது அவருக்கு, கம்ப்யூட்டருக்கு இல்லை. அதுதான் முறை.

இல்லை, போனைத்தான் தண்டிப்பேன் என்றால், வாங்குமுன் பார்க்க ஒரு வில்லங்கப் பதிவேடும், கை மாறியதை பில் காட்டி நிரூபித்தால் தடையை நீக்க ஒரு வழியும் வேண்டும். அதுவரை, பழைய போன் வாங்கப் போனால் பர்ஸை வெளியே எடுக்குமுன் பையனை அங்கேயே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.