சேலை மாற்றாமல் ஒரு படம்

வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் நம்மில் பலருக்குப் புகைப்படத்தின் நினைவே வருகிறது. பத்திரிகையில் அறிவிப்புப் போட வேண்டும். கருமக்கிரியைக்கு மாலை சாத்தி வைக்க வேண்டும். "நல்ல படம் ஏதாச்சும் இருக்கா?" என்று அலமாரியைக் கிளறுவோம். 2004-இல் என் தாயார் காலமானபோது நாங்களும் அப்படித்தான் கிளறினோம். தனியாக அவர் இருந்த படம் இரண்டே இரண்டு. ஒன்று, அடையாளக் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படம். மற்றொன்று நானே எடுத்தது.

அந்த இரண்டாவது படத்தின் கதையைச் சொல்லத்தான் இம்மாதம் பேனாவை எடுத்தேன். ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, 2000-ஆம் ஆண்டு விடுமுறையில், தோழியின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பால் வெட்டிக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன்.

"இந்தக் கோலத்திலயா புள்ள?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோலம் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பால் கறை ஏறிய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பயிற்சிக் கல்லூரித் தோழிகளிடம் காட்ட வேண்டிய படமாயிற்றே! கேமராவை இறக்கிவிட்டேன். மதியம் அம்மாவைக் குளிக்கச் சொல்லி, பட்டுச்சேலை கட்டச் சொல்லி, லயத்துச் சுவரோரம் வெயிலில் நிறுத்தி எடுத்தேன். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். கைகள் சிப்பாயைப்போல் விறைப்பாக. அந்தப் படம்தான் இன்று எங்கள் அம்பாங் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாட்டி கத்தியை எப்படிப் பிடிப்பார் என்று என் பிள்ளைகள் கேட்டால், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மரமும் இல்லை, தோட்டத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் பள்ளியைப்போல, பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் எத்தனையோ!

படம் என்றாலே விறைத்து நிற்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? நான் நினைப்பது இது. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பெயர் பதிந்து, படமும் கைவிரல் ரேகையும் உள்ள அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. என் பாட்டியின் வாழ்நாளில் முதல் படம் அதுதான். அரசாங்கத்துக்கு முன் நின்ற முகம் அது. வேறு எப்படி இருக்கும்? பிறகு கேமரா வந்த காலத்திலும் சுருளுக்கு 36 படம்தான். கழுவவும் காசு வேண்டும். ஆகவே கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுத்தோம். இன்று கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். இருந்தும் பாருங்கள், அதே சுவர், அதே வரிசை, நடுவில் ஒரு கேக்!

மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த பழனி குமார் என்ற புகைப்படக்காரரை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். இவருடைய தாயார் மீன் விற்பவர். அவர் உழைப்பதை, உழைக்கும் கோலத்திலேயே படம் பிடித்தார் மகன். உழைக்கும் மக்களையே தொடர்ந்து எடுத்துவரும் அவருக்கு, 2022-இல் தயானிதா சிங் பெயரிலான முதல் ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. நான் வெட்கப்பட்ட இடத்தில்தான் அவர் கேமராவைத் திறந்திருக்கிறார்.

விருது வாங்காவிட்டாலும் நமக்கு வழி உண்டு. முதலில் வெளிச்சம். நம் நாட்டுக் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால், இங்கே வெயில் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். அந்த நேரத்தில் வெளியே நிறுத்தினால் என் அம்மாவுக்கு வந்த கருங்குழிதான் வரும். அம்பாங்கில் கிழக்கே மலை இருப்பதால் காலை வெயில் சற்றுத் தாமதித்து, மென்மையாக வந்து சேரும். அதைவிட நல்லது ஜன்னலோரம். குசினி விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழும்படி நீங்கள் இடம் மாறி நில்லுங்கள். வேலை செய்கிறவரை நகர்த்தாதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி இருப்பவரை எடுத்தால் முகம் கறுத்துப் போகும். அப்போது திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

கறுப்பு என்றதும் ஒரு செய்தி. கலர்ப் படம் கழுவும் கடைகளுக்கு 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1990-களில்தான் மற்ற நிறத்தாரின் முகங்களும் சேர்ந்தன. இப்போது கைத்தொலைபேசியே 'அழகுபடுத்துகிறேன்' என்று முகத்தை வெளுத்து, சுருக்கத்தை அழித்துவிடுகிறது. அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். அம்மா இறந்தபோது ஒரு கடைக்காரர் அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கித் தருகிறேனென்று, அவர் தாடையில் இருந்த மச்சத்தையே துடைத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பாட்டி தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கினால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். "சிரிங்க" என்று சொல்லவேண்டாம். முதல் ஐந்து நிமிடம் கூச்சப்படுவார். பிறகு உங்களை மறந்து காயைப் பார்ப்பார். அதுவரை பொறுங்கள். முகத்தோடு கையும் வரட்டும். பின்னால் இருக்கும் சாமி மேடை, பிளாஸ்டிக் வாளி, நாள்காட்டி எதையும் ஒதுக்கி வைக்கவேண்டாம். முதலில் காணாமல் போவது அவைதான்.

"வேண்டாம்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் எடுக்கக்கூடாது. ஆனால், கூச்சத்தில் சொல்கிறாரா வெறுப்பில் சொல்கிறாரா என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? என் அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எடுத்திருக்கலாம்.

எடுத்ததைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மாதம் இரண்டு படத்தையாவது 4ஆர் அளவில் கடையில் அச்சடியுங்கள். ஒட்டும் பிசின் தாளுள்ள ஆல்பம் ஆகாது. பிசின் மஞ்சளித்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில், மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு வைக்கலாம். படத்தின் பின்னால் பெயர், இடம், தேதி மூன்றையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

சென்ற தவணையில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டில் ஒருவர் வேலை செய்யும்போது எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன் கொண்டுவந்ததில் பாதி கதவுதான். மறுபாதியில் அவன் பாட்டி, துப்புரவு வேலைக்குப் போகும் சீருடையில், அதிகாலை ஐந்தரைக்குக் கண்ணாடி முன் கொண்டை போடுகிறார்; வாயில் இரண்டு கொண்டை ஊசி. "பாட்டி திட்டினாங்க டீச்சர்" என்றான். பின்னால் என்ன எழுதியிருக்கிறான் என்று திருப்பிப் பார்த்தேன். பாட்டியின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதி, தேதி போட மறந்திருந்தான். உட்கார வைத்துத் தேதியை எழுத வைத்தேன்.